வெளிநாடு புறப்படுமுன் விசாவும் நுழைவு விதிகளும்: இராமநாதபுரம் கடற்கரைப் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்றும், அந்தப் பக்கம் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் என்றும் நீளும் இந்தக் கரையில், கடல் கடந்து போன ஒருவர்கூட இல்லாத தெருவைக் காண்பது அரிது. வளைகுடாவில் கடை வேலை, மீன்பிடி வேலை, கப்பல் வேலை, மக்காவுக்குப் போகும் உம்ரா யாத்திரை, மலேசியாவில் இருக்கும் பெரியப்பா வீட்டுக் கல்யாணம், இலங்கை உறவினரைப் பார்த்து வருவது என்று காரணங்கள் பல. பெட்டியைக் கட்டிக்கொண்டு மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ போய், விமானம் ஏறாமலே திரும்பி வந்தவர்களும் இங்கே உண்டு. அவர்களிடம் பேசினால், கையிலிருந்த தாளில் ஒரு வரியையோ ஒரு தேதியையோ தாமே வாசித்துப் பார்க்காமல் பிறர் சொல்லை நம்பிப் புறப்பட்டது தெரியவரும். அந்த நிலை இன்னொரு குடும்பத்துக்கு வரக்கூடாது என்பதற்காகவே இந்தக் கேள்விகளும் பதில்களும் எழுதப்பட்டுள்ளன.

சென்ற ஆண்டு என் மைத்துனர் இதே நாட்டுக்குச் சிக்கலின்றிப் போய் வந்தார். அவர் சொன்னபடியே நானும் புறப்படலாமா?

அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதை வைத்து டிக்கெட் எடுக்காதீர்கள். பயணிகளுக்கான விதிகள் ஓராண்டுக்குள்ளேயே தலைகீழாக மாறுவதை நாம் கண்ணாரப் பார்த்திருக்கிறோம். இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பரில் இந்தியர் உட்பட ஏழு நாட்டவருக்குக் கட்டணமில்லா விசா என்று அறிவித்தார்கள். அது 2024 மார்ச் இறுதி வரைக்கான சோதனைத் திட்டம். அதற்கடுத்த மாதமே தனியார் நிறுவனங்களின் வழியே ஒரு புதிய இணைய விசா முறை வந்தது. ஆகஸ்டில் இலங்கை உச்ச நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. பின்னர் ஈ.டி.ஏ. எனப்படும் பழைய இணையவழிப் பயண அனுமதி முறையே திரும்பி வந்தது. ஓராண்டு இடைவெளியில் போன மூன்று பேர் மூன்று விதமான அனுபவத்தைச் சொல்லியிருப்பார்கள், மூவர் சொன்னதும் உண்மையாகவே இருந்திருக்கும்.

ஈரானின் கதை இன்னும் கடுமையானது. 2024 பிப்ரவரி முதல் இந்தியச் சுற்றுலாப் பயணிகள் 15 நாள் வரை விசா இல்லாமல் அங்கே போய் வரலாம் என்று இருந்தது. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி இந்தியர்களை அங்கே வரவழைத்துக் கடத்திப் பணம் பறித்த நிகழ்வுகளுக்குப் பிறகு, 2025 நவம்பர் 22 முதல் சாதாரணப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் இந்தியர்களுக்கு அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு போய் வந்தவரின் அறிவுரை அன்று முதல் பயன்படாமல் போயிற்று.

அப்படியானால் எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வது?

நீங்கள் போகும் நாட்டின் குடிவரவுத் துறை நடத்தும் அரசு இணையதளமே முதலிடம். அடுத்தது இந்தியாவிலுள்ள அந்நாட்டுத் தூதரகம் அல்லது துணைத் தூதரகம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவற்றுக்குச் சென்னையிலேயே அலுவலகங்கள் உள்ளன, ஐக்கிய அரபு அமீரகத்துக்குத் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. மூன்றாவதாக, நீங்கள் ஏறப்போகும் விமான நிறுவனம். இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. செக்-இன் கவுன்ட்டரில் இருப்பவர் பொதுவாக 'டைமாட்டிக்' என்ற தகவல் தொகுப்பைப் பார்த்துத்தான் உங்களை ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். உலக விமான நிறுவனங்களின் சங்கமான அயாட்டா நடத்தும் தொகுப்பு அது. உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் அவரைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் மேல் விழுகிறது. பல நாடுகள் அபராதமும் விதிக்கின்றன. ஆகவே கவுன்ட்டரில் கெஞ்சுவதால் பயனில்லை. அந்த ஊழியருக்கு விட்டுக்கொடுக்கும் உரிமை இல்லை. சில விமான நிறுவனங்கள் தங்கள் இணையதளத்திலேயே இந்தத் தகவலைப் பயணிகள் தேடிப் பார்க்க வழி செய்துள்ளன.

இணையத்தில் தேடும்போது ஓர் எச்சரிக்கை தேவை. நாட்டின் பெயரையும் 'விசா' என்ற சொல்லையும் இட்டுத் தேடினால், அரசுத் தளத்துக்கு மேலேயே விளம்பரமாக வந்து நிற்கும் தனியார் தளங்கள் பல. கொடியும் முத்திரையும் அரசுத் தளம் போலவே இருக்கும். இலவசமாக நிரப்ப வேண்டிய படிவத்துக்கும் பணம் கேட்கும். முகவரியின் இறுதிப் பகுதி அந்நாட்டு அரசுக்குரியதா என்று பார்த்த பிறகே பாஸ்போர்ட் எண்ணைத் தட்டச்சு செய்யுங்கள். தூதரகத்தின் பக்கத்திலிருந்து அரசுத் தளத்துக்குப் போவது அதைவிடப் பாதுகாப்பானது.

எத்தனை முறை சரிபார்க்க வேண்டும்?

டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு முறை, விசா கைக்கு வந்த அன்று ஒரு முறை, புறப்படுவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஒரு முறை. கடைசியாகச் சொன்னதைத் தள்ளிப் போடாதீர்கள். பல நாடுகளின் வருகைப் படிவங்கள் அந்த மூன்று நாட்களில்தான் திறக்கின்றன.

என் பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. போய் வர முடியாதா?

பெரும்பாலும் முடியாது. சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, அமீரகம், இலங்கை போன்ற நாடுகள் நீங்கள் அங்கே இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளின் கணக்கு வேறு: திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், பாஸ்போர்ட் வழங்கப்பட்டு பத்தாண்டுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. காலாவதிக்கு ஓராண்டு இருக்கும்போதே மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். நம் மாவட்டம் மதுரை மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் கீழ் வருகிறது.

கடற்கரைக்காரர்களுக்கு இங்கே தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பீரோவில் பாலித்தீன் உறைக்குள் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்த பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். உப்புக்காற்றின் ஈரம் ஏறி, புகைப்படப் பக்கத்தின் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கலாம்; தைத்த நூல் தளர்ந்திருக்கலாம்; முத்திரை மை அடுத்த பக்கத்தில் ஒட்டியிருக்கலாம். நமக்கு அது ஈரத்தில் உப்பிய புத்தகம். குடிவரவு அதிகாரிக்கோ யாரோ பக்கத்தைப் பிரித்து மாற்றியது போலத் தெரியும். சேதமடைந்த பாஸ்போர்ட்டுடன் விமான நிலையத்துக்குப் போவதை விட, முன்பே மறுவெளியீடு வாங்கிக்கொள்வது நல்லது. முத்திரை குத்த வெற்றுப் பக்கங்கள் உள்ளனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

என் பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. குடும்பப் பெயர் இடம் வெறுமையாக உள்ளது. இது தடையாகுமா?

தமிழர்களாகிய நாம் மிகுந்த கவனத்துடன் பார்க்க வேண்டியது இதுவே. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தோடு நின்றுவிடுகிறோம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெயரைச் சேர்த்து எழுதி, குடும்பப் பெயருக்கான கட்டத்தை விட்டுவிடுகிறோம். முனியசாமி என்றோ பாத்திமா என்றோ ஒற்றைச் சொல் மட்டும் அச்சாகி வருகிறது.

2022 நவம்பர் 21 முதல், ஒரே ஒரு சொல் மட்டும் பெயராக உள்ள பாஸ்போர்ட்டுடன் விசிட் விசாவில் வருபவர்களை அமீரகம் அனுமதிக்காது என்று விமான நிறுவனங்கள் பயண முகவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பின. ஏற்கெனவே அங்கே குடியிருப்பு விசா வைத்திருந்தவர்களுக்கு அது பொருந்தவில்லை. சில நாட்களிலேயே, பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று விளக்கம் வந்தது. விளக்கம் இருந்தும், விசா விண்ணப்பத்தில் தந்தை பெயர் சேர்க்கப்படாமல் ஒற்றைப் பெயர் மட்டும் பதிவாகியிருந்தால் கவுன்ட்டரில் கேள்வி எழத்தான் செய்யும்.

நிலையான தீர்வு, மறுவெளியீட்டின்போது தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் சேர்த்துவிடுவதே. குழந்தைக்கு முதல் பாஸ்போர்ட் எடுக்கும் பெற்றோர் இதை அன்றே செய்துவிட்டால் பிள்ளையின் பிற்காலத்தில் பல வாசல்கள் எளிதாகத் திறக்கும். முதலெழுத்தை விரித்து எழுதுவதும் அப்படியே. எழுத்துக்கூட்டலையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒரே முஹம்மது, பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் டிக்கெட்டில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருப்பது இங்கே சர்வ சாதாரணம். டிக்கெட்டும் விசாவும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளையே எழுத்துக்கு எழுத்து பின்பற்ற வேண்டும். ஆதாரில் எப்படி இருக்கிறது என்பது அங்கே கேட்கப்படாது.

விசா வந்துவிட்டது. அதில் எவற்றை வாசிக்க வேண்டும்?

முதலில் பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் விரல் வைத்து ஒப்பிடுங்கள். மறுவெளியீடு பெற்றவர்களுக்கு எண் மாறியிருக்கும். பழைய எண்ணில் விசா வந்திருந்தால் அது உங்களுக்கு உதவாது. அடுத்து தேதிகள். உள்ளே நுழைவதற்கான கெடு வேறு, நுழைந்தபின் தங்கக்கூடிய நாட்கள் வேறு. அமீரகத்தின் சுற்றுலா விசா பெரும்பாலும் வழங்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் பயன்படுத்தப்பட வேண்டும். தங்கும் காலமான 30 நாளோ 60 நாளோ நீங்கள் இறங்கிய பின்புதான் ஓடத் தொடங்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு அதிக நாள் தங்கினால் அங்கே நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். சில நாடுகள் மாதத்தை முதலிலும் நாளை இரண்டாவதாகவும் எழுதுவதால், எண்ணில் மட்டும் உள்ள தேதியை அவசரமாக வாசிக்காதீர்கள்.

ஒரு முறை நுழைய அனுமதியா, பல முறையா என்பதும் அதில் இருக்கும். பின்பு, எல்லாவற்றிலும் முக்கியமாக, விசாவின் வகை. அந்தச் சொல்லும் நீங்கள் அங்கே செய்யப்போகும் காரியமும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியாக, வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கொண்டு நிம்மதி அடையாமல், விசா வழங்கிய நாட்டின் அரசுத் தளத்தில் எண்ணை இட்டு அது உண்மையிலேயே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அமீரகம், சவுதி உட்படப் பல நாடுகள் இந்த வசதியைத் தருகின்றன. போலி விசா அச்சடிப்பவரால் அந்தப் பதிவை உண்டாக்க முடியாது.

விசிட் விசாவில் போய், அங்கே வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா?

விசிட் விசாவில் இருந்துகொண்டு வேலை செய்வது வளைகுடா நாடுகளில் சட்டமீறல். பிடிபட்டால் தண்டனை உங்களுக்கு. அனுப்பிய ஏஜென்ட் ஊரில் இருப்பார். சம்பளம் தராத முதலாளி மேல் புகார் கொடுக்கவும் உங்கள் கையில் ஒப்பந்தம் இராது.

இந்தியச் சட்டமும் இதில் குறுக்கே வருகிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ஈ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை, என்று குறிக்கப்படுகிறது. ஐம்பது வயதைக் கடந்தவர், வருமான வரி கட்டுபவர், வெளிநாட்டில் மூன்றாண்டுக்கு மேல் இருந்தவர் போன்றோருக்கு விலக்கு உண்டு. சவுதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா, தாய்லாந்து, ஈராக், லிபியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டுடன் வேலைக்குப் போகிறவர், 'இ-மைக்ரேட்' என்ற மத்திய அரசுத் தளத்தின் வழியே குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அப்போது ஒப்பந்தம், சம்பளம், முதலாளியின் விவரம் எல்லாம் அரசுப் பதிவில் ஏறுகின்றன. பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற 10 லட்சம் ரூபாய்க் காப்பீடும் எடுக்கப்படுகிறது. இத்தனை பாதுகாப்பையும் தாண்டிக் குதிப்பதற்காகவே விசிட் விசா யோசனை சொல்லப்படுகிறது. சுற்றுலாவுக்கோ உம்ராவுக்கோ போகும் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்காரருக்கு இந்த அனுமதி தேவையில்லை என்பதால், வேலைக்குப் போகிறவரையும் சுற்றுலாப் பயணி என்று சொல்லச் சொல்வார்கள். நம் விமான நிலையத்திலேயே குடிவரவு அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் 'ஆஃப்லோட்' செய்துவிடுவார், அதாவது விமானம் ஏறவிடாமல் திருப்பி அனுப்பிவிடுவார். அதோடு டிக்கெட் பணமும் போகும்.

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதையும் இ-மைக்ரேட் தளத்திலேயே பார்க்கலாம். பதிவு பெற்ற முகவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. இலட்சக்கணக்கில் கேட்பவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், அவர் முகம் மாறுவதே பதிலாக இருக்கும். பதிவு பெற்றவரின் ஆள் என்று சொல்லி ஊருக்குள் பாஸ்போர்ட் சேகரிக்கும் துணை ஏஜென்டுக்குச் சட்டத்தில் இடமில்லை. தமிழ்நாடு அரசே சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை நடத்துகிறது. அங்கே கேட்ட பிறகு தனியாரிடம் போகலாம்.

படித்த இளைஞர்களுக்கும் ஒன்று உண்டு. தாய்லாந்தில் கணினி வேலை, டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று சொல்லிச் சுற்றுலாப் பயணியாக வரவழைத்து, எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய் இணைய மோசடி வேலையில் அடைத்து வைத்த நிகழ்வுகள் குறித்து இந்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. தமிழ்நாட்டு இளைஞர்களும் அப்படிச் சிக்கி மீட்கப்பட்டிருக்கிறார்கள். வேலைக்கு அழைக்கும் நிறுவனம் வேலை விசா எடுத்துத் தர மறுக்கிறது என்றால், அந்த ஒரு காரணமே போகாமல் இருப்பதற்குப் போதும்.

மீன்பிடி வேலைக்குப் போகிறவர் தனியாக எதையாவது பார்க்க வேண்டுமா?

வேண்டும். விசாவிலும் ஒப்பந்தத்திலும் தொழில் என்னவென்று எழுதியிருக்கிறது, கபீல், அதாவது அங்கே உங்களுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி, யார், சம்பளம் மாதக் கணக்கா பங்குக் கணக்கா என்பதைப் புறப்படுமுன் எழுத்தில் பாருங்கள். ஒரு நாட்டின் விசா அந்த நாட்டின் கடல் எல்லை வரைக்கும்தான். வளைகுடாவில் நாடுகளின் கடல் எல்லைகள் நெருங்கிக் கிடக்கின்றன. படகு எல்லையைத் தாண்டினால், நீங்கள் கரையில் கால் வைக்காவிட்டாலும் அடுத்த நாட்டுக்குள் அனுமதியின்றி நுழைந்தவர் ஆகிறீர்கள். அப்படித் தமிழ்நாட்டு மீனவர்கள் அங்கே கைதான நிகழ்வுகள் உண்டு. பாக் நீரிணையில் அந்த வேதனையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டின், விசாவின் படிகளை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தூதரகத்தில் மனு கொடுக்கக் குடும்பத்துக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் பாஸ்போர்ட் கேட்பதில்லை. தலைமன்னாருக்கும் அப்படிப் போக முடியுமா?

முடியாது. 1974ஆம் ஆண்டு இந்திய-இலங்கை உடன்படிக்கையில், இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் வழக்கம்போலக் கச்சத்தீவுக்கு வந்து போகலாம், அதற்காக இலங்கையின் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்று ஒரு பிரிவு உள்ளது. அந்தோணியார் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்து போகிறவர்கள் அதன் பயனாகவே பாஸ்போர்ட் இன்றிப் போகிறார்கள். அதற்கும் முன்கூட்டிப் பெயர் கொடுத்து, அடையாள அட்டை காட்டி, அரசின் சரிபார்ப்பைக் கடந்து பட்டியலில் இடம்பெற வேண்டும். அந்தத் தீவைத் தாண்டி இலங்கையின் வேறெந்தக் கரையில் இறங்கினாலும் சட்டவிரோத நுழைவுதான்.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலம் 1964 டிசம்பர் புயலோடு முடிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றுபோயிற்று. இப்போது விமானத்தில் போகலாம், அல்லது 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்-காங்கேசன்துறைக் கப்பலில் போகலாம். அந்தக் கப்பல் கடலின் நிலையைப் பொறுத்தே ஓடுவதால் புறப்படும் நாளைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எந்த வழியில் போனாலும் பாஸ்போர்ட்டும் இலங்கையின் நுழைவு அனுமதியும் வேண்டும்.

மலேசியாவுக்கு விசாவே வேண்டாமாமே. வெறும் பாஸ்போர்ட்டுடன் போகலாம்தானே?

இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு 2023 டிசம்பர் 1 முதல் உள்ளது; 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டதாக மலேசிய அரசு அறிவித்திருக்கிறது. ஆனால் விசா இல்லை என்றால் சோதனை இல்லை என்று பொருள் அல்ல. தூதரகம் முன்பே செய்திருக்க வேண்டிய விசாரணையை, இறங்கியதும் அதிகாரி கவுன்ட்டரில் செய்கிறார். திரும்பும் டிக்கெட், தங்குமிடத்தின் முகவரி, செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் கேட்பார். உறவினர் வீட்டில் தங்குவதானால் அவருடைய பெயர், முழு முகவரி, தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'கோலாலம்பூரில் மாமா வீடு' என்று மட்டும் சொன்ன பெரியவர்கள் விசாரணை அறையில் மணிக்கணக்கில் உட்கார நேர்ந்திருக்கிறது.

மலேசியாவின் எண்ணிம (டிஜிட்டல்) வருகை அட்டையை வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். 2025 மே 1 முதல் தாய்லாந்தும் இதே முறையைக் கொண்டுவந்தது. சிங்கப்பூரிலும் அப்படியே, ஆனால் சிங்கப்பூரின் வருகை அட்டை விசா ஆகாது, இந்தியருக்கு அங்கே விசா தனியாக வேண்டும். மாலத்தீவு வந்திறங்கியதும் 30 நாள் அனுமதி தருகிறது. அதற்கும் வருகைக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டிய இணைய அறிவிப்பு உண்டு. இந்த நான்கு படிவங்களுக்கும் அரசுத் தளங்களில் கட்டணம் கிடையாது. நேபாளத்துக்கு விமானத்தில் போகிறவர் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை எடுத்துச் செல்லட்டும். ஆதார் அங்கே செல்லாது.

உம்ராவுக்கும் கப்பல் வேலைக்கும் என்ன தடுப்பூசிச் சான்று வேண்டும்?

உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் மெனிஞ்சைட்டிஸ் (மூளை உறை அழற்சி) தடுப்பூசியைச் சவுதியில் இறங்குவதற்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன் போட்டிருக்க வேண்டும். குழுவில் போகும் முதியவர்கள் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். பத்து நாள் கணக்கைச் சவுதி வைத்திருக்கிறது, நம் குழுத்தலைவரால் அதைக் குறைக்க முடியாது. விசிட் விசாவில் போய் ஹஜ் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஹஜ்ஜுக்கென்று அனுமதி இல்லாமல் முயல்பவர்களுக்கு 20,000 ரியால் வரை அபராதம் என்று 2025இல் சவுதி அறிவித்தது.

மஞ்சள் காய்ச்சல் பரவியுள்ள ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளுக்குப் போகிறவர்களுக்கும், அங்கிருந்து திரும்பும் கப்பல் ஊழியர்களுக்கும் அதற்கான தடுப்பூசிச் சான்று வேண்டும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்து சான்று செல்லும்; 2016 முதல் அது வாழ்நாள் முழுதும் செல்லுபடியாகிறது. சான்று இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி உடலைச் சோதித்து அனுப்பிய வரலாறு உள்ள கரை இது. நோய்க்காகப் பயணியை நிறுத்துவது புதிய வழக்கம் இல்லை.

வளைகுடா வேலை விசாவுக்கு, நம் ஊரில் காம்கா மெடிக்கல் என்று அழைக்கப்படும் பரிசோதனையை, இப்போது வளைகுடா நாடுகளின் 'வாஃபித்' இணையதளத்தில் பதிவு செய்து, அது ஒதுக்கும் மையத்தில் செய்துகொள்ள வேண்டும்.

மருந்து, மசாலா, கருவாடு கொண்டு போகலாமா?

மருந்தை மருத்துவரின் சீட்டோடு, வாங்கிய அட்டையோடு கொண்டு போங்கள். மாத்திரைகளைக் கழற்றி டப்பாவில் போடாதீர்கள். டிராமடால், கோடீன் கலந்த வலி மருந்துகளும் இருமல் மருந்துகளும் அமீரகத்தில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அந்நாட்டு அரசின் முன் அனுமதி வேண்டும்.

அதைவிட எளிதாக மறந்துவிடுவது கசகசா. வளைகுடா நாடுகள் பலவற்றில் அது போதைப்பொருள் தொடர்புடைய தடைப்பொருள். உம்மா அன்போடு அரைத்துக் கட்டிக் கொடுத்த குருமா மசாலாவில் அது ஒரு கை கலந்திருக்கும். பையன் அறியாமலே பெட்டியில் இருக்கும். மசாலா கட்டும்போதே அதை நீக்கிவிட்டு அரைக்கச் சொல்லுங்கள். தன்னுடையது அல்லாத பொட்டலத்தை, எவ்வளவு தெரிந்தவர் கொடுத்தாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொள்ளவும் வேண்டாம். கருவாடு, ஊறுகாய் போன்ற உணவுகளை ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இறங்கியதும் படிவத்தில் அறிவித்தாக வேண்டும். கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றை அன்பளிப்பாகக்கூட எடுத்துச் செல்ல முடியாது.

வழியில் விமானம் மாறினால் அந்த நாட்டுக்கும் விசா வேண்டுமா?

ஒரே டிக்கெட்டில், பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போகும்படி பதிவாகி, நீங்கள் விமான நிலையத்தின் உள்பகுதியிலேயே இருந்தால் பல நாடுகளில் வேண்டாம். மதுரையிலிருந்து கொழும்பு வழியாக வளைகுடா போகிறவர்கள் அப்படித்தான் போகிறார்கள். விலை குறைவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தால் நிலை மாறிவிடும்: இடையில் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், நுழைய அனுமதி வேண்டும். அமெரிக்கா வழியாகப் போகிறவருக்கு விமானம் மாறுவதற்குக்கூட விசா தேவை. பிரிட்டன் வழியாகப் போகும் இந்தியருக்கும், விலக்கு பெற்றவர் தவிர, இடைவழி விசா தேவை.

கைக்குழந்தைக்கும் பாஸ்போர்ட் வேண்டுமா?

வேண்டும், விசாவும் தனியாக வேண்டும். தாயோ தந்தையோ மட்டும் அழைத்துச் சென்றால் மற்றவரின் ஒப்புதல் கடிதத்தையும் பிறப்புச் சான்றிதழையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

அமீரகத்தில் குடியிருப்பு விசா உள்ளது. ஊருக்கு வந்தவர் எத்தனை நாள் தங்கலாம்?

பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த விசா செல்லாமல் போய்விடும்; நீண்ட காலக் குடியிருப்புக்கான கோல்டன் விசா போன்ற சிலவற்றுக்கு விலக்கு. சவுதியில் இருப்பவர், வெளியேறி மறுபடி நுழைவதற்கான 'எக்ஸிட் ரீ-என்ட்ரி' அனுமதியின் தேதியைப் பார்க்க வேண்டும். தங்கை கல்யாணத்துக்காகவோ பெற்றோர் உடல்நலத்துக்காகவோ விடுமுறையை நீட்டும்போது, அங்குள்ள முதலாளியிடம் வாய்மொழியாக அனுமதி வாங்கினால் போதாது. அரசுத் தளத்தில் தேதி நீண்டிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

எல்லாம் பார்த்தும் கவுன்ட்டரில் நிறுத்திவிட்டால் என்ன செய்வது?

முதலில் காரணத்தைக் கேளுங்கள்: எந்த ஆவணம் இல்லை, எந்த விதியின்படி நிறுத்துகிறார்கள் என்று. மேலாளரை அழைத்து, டைமாட்டிக் பதிவில் உங்கள் நாட்டுக்கும் விசா வகைக்கும் என்ன இருக்கிறது என்று மறுபடி பார்க்கச் சொல்லலாம். ஊழியர் தவறான வகையைத் தேர்ந்தெடுத்துப் பார்த்திருக்கவும் வாய்ப்பு உண்டு. வருகைப் படிவம் போன்ற சிறு குறையானால் அங்கேயே கைப்பேசியில் நிரப்பிவிட நேரம் இருக்கும். இதற்காகவே பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்ச் சேர வேண்டும். தீராத குறையானால், ஏற்றவில்லை என்பதற்கான காரணத்தை எழுதி வாங்குங்கள்; விமானம் புறப்படுமுன்பே டிக்கெட்டை வேறு நாளுக்கு மாற்றச் சொல்லுங்கள், புறப்பட்ட பின் பெரும்பாலான டிக்கெட்டுகளின் மதிப்பு போய்விடும். ஏஜென்ட் கொடுத்த விசா போலி என்று தெரிந்தால், அந்தத் தாளையும் பணம் அனுப்பிய விவரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்து, ஊர் திரும்பியதும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

இறங்கிய நாட்டில் நிறுத்தப்பட்டால், அமைதியாக, கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். புரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்திடும் முன் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். இந்தியத் தூதரகத்தோடு பேச வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த ஊரின் இந்தியத் தூதரக அவசர எண்ணைப் புறப்படுமுன்பே ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அந்த அறையில் கைப்பேசி உங்கள் கையில் இல்லாமல் போகலாம்.